சுவரில் சூடு முடிகிற இடம்

"நாற்பது மீட்டர் வடக்கு நோக்கிச் செல்லவும்" என்கிறது வலது காதில் சொருகியிருக்கிற குரல். வடக்கு எது என்று அதற்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கண் இருந்த காலத்திலும் நான் வடக்கு தெற்கு பார்த்து நடந்தவள் இல்லை. கோயில் பக்கம், கடல் பக்கம், மார்க்கெட் பக்கம், அம்மா வீட்டுப் பக்கம், எனக்கு இந்த நாலு திசைதான். இதையாவது ஒரு நாள் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் சொல்லியிருக்கலாம். வடக்கு என்று சொல்லாதே பிள்ளை, கோயில் பக்கம் என்று சொல்லு என்றால் யாருக்கும் மனசு நோகப் போவதில்லை. சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று கேட்கும்போதெல்லாம் அஞ்சு நட்சத்திரம். நேற்றுக் காலையிலும் அஞ்சு. இன்றைக்குக் கேட்டைச் சாத்திக் கொண்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மணி அஞ்சரை இருக்கும். ஆறு மணிப் பூசைக்கு இப்போது கிளம்பினால்தான் என் நடைக்குச் சரியாக இருக்கும். வலது கையில் வெள்ளைக் குச்சி, இடது மணிக்கட்டில் சுற்றிய ஜெபமாலை, முந்தானைக்குள் போன். கண்ணில் அழுத்தம் ஏறி, ஏறினது தெரியாமலே பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்து, கடைசியாக நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு வெளிச்சம் மட்டும் நின்று, அதுவும் போய் எட்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவுக்கு நான் மருமகளாக வந்து முப்பத்தெட்டு வருஷம். ஆனாலும் தனியாக நடக்கத் தொடங்கி முப்பது நாள்கூட ஆகவில்லை. பரலோகத்தில் இருக்கிற பிதாவே என்று தொடங்கி, மணியைத் தொட்டு, நடந்தேன். முதல் பத்து மணி முடியும்போது தெரு முக்கு வரும். நாற்பது மீட்டர் என்றால் எனக்கு விளங்காது, பத்து அருள் நிறை மந்திரம் என்றால் விளங்கும். இதையும் சொல்லவில்லை.

தெரு ஈரமாக இருந்தது. உப்பு லாரி போயிருக்கிறது, சொட்டிக்கொண்டே போயிருக்கிறது, மூக்கில் அந்தக் காரமான ஈரம். என் வீட்டுக்காரர் உப்பளத்து லாரி ஓட்டினவர், இந்த வாசனையோடுதான் வீட்டுக்குள் வருவார். எனக்குக் கண் போன பிறகு ஆறு வருஷம் என் முழங்கையைப் பிடித்து இதே வழியில் பூசைக்குக் கூட்டிப்போனார். எனக்கு அவர் வழி சொன்னதெல்லாம் மூணே வார்த்தையில்தான். படி. பள்ளம். மாடு. வேறு பேச்சே கிடையாது. அவர் போன பிறகு ஒரு வருஷம் வாசலைத் தாண்டவில்லை. பிறகு மகள் ஜெனோவா சென்னையிலிருந்து வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குறை சொல்லக் கூடாது, தங்கமான பிள்ளை, மருமகனும் அப்படித்தான். பத்தாவது மாடி. லிப்டு. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினாலு அடி, குளியலறையிலிருந்து சோபாவுக்கு ஒன்பது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் அவர்கள் ஆபீசுக்கும் போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள், என் நல்லதுக்குத்தான். அந்த உயரத்துக்கு எந்தச் சத்தமும் ஏறி வராது. காக்காகூட அங்கே கத்தி நான் கேட்டதில்லை. ரெண்டு மாசம் இருந்தேன். மூணாவது மாசம் ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்தபடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, எத்தனாவது மணி என்பது மட்டும் இல்லை, காலையா சாயங்காலமா என்பதே மறந்துபோய்விட்டது. அன்றைக்கு அழுதேன். ஊருக்குக் கொண்டு விடு என்றேன். சண்டை. கப்பலில் வேலை பார்க்கிற மகன் செல்வின்கூட எந்தக் கடலிலிருந்தோ போன் போட்டு, "எம்மா, அவ சொல்லுததக் கேளுங்க" என்றான். பிறகுதான் ஜெனோவா எங்கேயோ விசாரித்து இந்தச் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தாள். கண் தெரியாதவர்களுக்கு வழி சொல்லுவது. இன்னும் கடைக்கு வராதது, சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் நான் ஒருத்தி. ஒவ்வொரு நடை முடிந்ததும், எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும். கூட ஏதாவது சொல்ல வேண்டுமானால் பேசலாம், பதிந்துகொள்ளும். "நீங்க போடுத மார்க்கு எனக்கும் வந்துரும்" என்றாள் ஜெனோவா. "அஞ்சு வந்தா நான் நிம்மதியா ஆபீஸ் போவேன். நாலுன்னு வந்துச்சுன்னு வைங்க, மறு ரயிலப் பிடிச்சு வந்து உங்களத் தூக்கிட்டு வந்துருவேன், பாத்துக்கிடுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும், எது வெறும் சிரிப்பு, எது சிரிப்புக்குள் வைத்துச் சொல்லுவது என்று.

பத்து மணி முடிந்தது, முக்கு வந்துவிட்டது. "வலது பக்கம் திரும்பவும்." திரும்பினேன். இங்கே ஒரு வீட்டில் வாசல் தெளிக்கிறவள் ரீத்தா, என் குச்சிச் சத்தம் கேட்டதும் வாளியைத் தள்ளி வைப்பாள். "என்ன மைனி, மாப்பிள்ளையோட பேசிக்கிட்டே கிளம்பியாச்சா?" என்றாள். காதில் குரல் கேட்டு நான் சில நேரம் "சரி பிள்ளை" என்று பதில் சொல்லிவிடுவேன், அதற்குத்தான் இந்தக் கேலி. "மாப்பிள்ள இல்லட்டி, மருமக" என்றேன். "மருமக இவ்வளவு மரியாதையாப் பேசுதாளா? எங்க வாங்குனீங்க, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க." சிரித்தேன். சிரித்துவிட்டு நாலடி நடந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று ராத்திரியிலிருந்து இப்படித்தான், எதை நினைத்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இன்னாசி. அவனுடைய வலது மணிக்கட்டு. என்னை விட்டு அதைத் தள்ளி வைக்கத்தான் லிப்டையும் உப்பு லாரியையும் நினைத்துக்கொண்டு வந்தேனோ என்னவோ. மகிமை தேவ ரகசியம், இரண்டாவது. இயேசுநாதர் பரலோகத்துக்கு எழுந்தருளினதை நினைத்து. நினைக்கிறேன், ஆனால் என் நினைப்பில் எழும்புகிறவர் யாரும் இல்லை, சாக்கடைக்குள் இறங்குகிறவன்தான் இருக்கிறான்.

இன்னாசி பிறவியிலேயே பார்வை இல்லாதவன். முப்பத்து நாலு வயசு. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கீபோர்டு வாசிப்பான், அதுதான் பிழைப்பு. எங்கள் பன்னிரண்டு பேருக்கும் போனில் ஒரு குழு இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை, எல்லாம் பேச்சுதான். சென்னையில் அந்தக் கம்பெனியில் இருக்கிற தேன்மொழி மேடம், அவர்களுக்கும் பாதிக் கண்தான், ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குறை கேட்பார்கள். இன்னாசி வாயைத் திறந்தால் குழுவே சிரிக்கும். "மேடம், நேத்து இது என்னய நேரா கடலுக்குள்ள எறங்கச் சொல்லுது. நான் கீபோர்டு வாசிக்கப் போறேனா, மீன் பிடிக்கப் போறேனான்னு அதுக்கு ஒரு சந்தேகம் போல." இன்னொருத்தி, மதுரையில் இருக்கிறவள், பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் வாசல் என்று சொல்ல மாட்டேன் என்கிறதே என்பாள். எல்லோருக்கும் ஏதோ ஒரு குறை. எனக்கு மட்டும் இல்லை. "மிக்கேலம்மா, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று மேடம் கேட்டார்கள். "எனக்கு எல்லாம் நல்லா இருக்கு மேடம்." உடனே இன்னாசி, "பெரியம்மாவுக்கு அது தேவதூதன் மாதிரி, சம்மனசு, மேடம். காவல் சம்மனசுக்கு யாராவது மார்க் கொறைப்பாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதல் நாள் இந்தக் குரலோடு தனியாகக் கோயிலுக்கு வந்து சேர்ந்து, கடைசி வரிசைத் தூணைக் கையால் தொட்டு, இதுதான் தூண், இதுதான் பெஞ்சு என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தபோது எனக்குப் பூசையே காதில் விழவில்லை. முடிந்ததும் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. அஞ்சுக்கு மேல் கிடையாதா என்றுதான் எனக்கு இருந்தது.

முகத்தில் ஆவி பட்டது, இட்லிக் கடை. இங்கே குச்சியைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும், பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். "பெரியம்மா வாரா, காலை மடக்குங்கப்பா" என்றது ஒரு குரல். யாரென்று தெரியாது, தினமும் சொல்லுகிற குரல். "கர்த்தர் ஆசீர்வதிப்பாரு" என்றேன். மூன்றாவது பத்து. இந்த இடத்திலிருந்து நேராகப் போனால் பேக்கரியின் பின்சுவர், இடது கை பக்கம் நீளமாக வரும். ராத்திரி முழுக்க மக்ரூனும் ரொட்டியும் சுட்ட அடுப்பு அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் நடந்தால் இடது கன்னத்தில் சூடு தெரியும். சுவரில் சூடு எங்கே முடிகிறதோ அங்கே சுவரும் முடிந்துவிடும். அங்கேதான் கோயில் சந்து. சந்தின் வாய்க்குக் குறுக்கே சாக்கடை, சாக்கடை மேல் வரிசையாக ஸ்லாப் போட்டு மூடியிருக்கிறது. அந்தக் குரல், சுவர் முடிந்ததுமே இடது பக்கம் திரும்பவும் என்று சொல்லும். சுவரை ஒட்டின முதல் ஸ்லாப் இல்லை. உடைந்ததோ, எவனாவது எடுத்துப் போனானோ, இல்லை. இன்னும் நாலு அடி முன்னால் போய்த் திரும்பினால் மற்ற ஸ்லாபுகள் எல்லாம் கல்லுப்போல இருக்கின்றன. எனக்குத் தெரியும். மூணாம் நாளே தெரியும். அன்றைக்குக் குரல் சொன்ன இடத்தில் திரும்பினேன், குச்சி கீழே போய்க்கொண்டே இருந்தது, தரை வரவே இல்லை. குச்சிக்குத் தரை வராத அந்த ஒரு நொடி. வலது கால் போய்விட்டது, நல்ல வேளை இடது கை சுவர் முனையைப் பிடித்துக்கொண்டது. செருப்பு ஒன்று உள்ளே விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மீதி வழியை ஒற்றைச் செருப்போடு நடந்தேன். கோயில் வாசலில் அது கேட்டது, எத்தனை நட்சத்திரம். அஞ்சு என்றேன். சாயங்காலம் ஜெனோவா பேசினாள். செருப்பு வார் அறுந்துபோச்சுட்டி, புதுசு வாங்கணும் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? அந்தப் பிள்ளைக்காக. முதலில் அப்படித்தான் நினைத்தேன், இது பொய் இல்லை, ஆண்டவருக்குத் தெரியும். காதில் பேசுகிறது ஒரு பெண்பிள்ளை, எங்கேயோ சென்னையில் விடியக்காலையிலேயே எழுந்து ஒரு அறையில் உட்கார்ந்து எனக்காகப் பேசுகிறாள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஒரு நட்சத்திரம் குறைத்தால் அவளுடைய மேலதிகாரி அவளை ஏசுவான், சம்பளத்தில் கை வைப்பான், அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். அப்படி நினைத்து அவளுக்காகத் தினமும் ஒரு மணி கூடச் சொன்னேன். ஒரு நாள் ஜெனோவாவிடம், "அந்தப் பிள்ளைக்கு லீவே கிடையாதாட்டி, ஞாயித்துக்கிழமையும் பேசுதாளே" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு தாங்கவில்லை. "எம்மா, அது மெஷினும்மா! அதுக்குச் சம்பளமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது, லீவும் கிடையாது." வெட்கமாகப் போய்விட்டது. அது எட்டாம் நாள். அப்படியானால் ஒன்பதாம் நாளிலிருந்து யாருக்காக அஞ்சு போட்டேன்? இந்த இடத்தில்தான் நேற்று ராத்திரியிலிருந்து வந்து வந்து நிற்கிறேன். ஏசப்பட ஒரு பிள்ளையும் இல்லை. பள்ளம் இருக்கிறது, எனக்குத் தெரியும், கேட்கிறார்கள், நான் அஞ்சு என்கிறேன். சின்ன வயசில் பத்துக் கட்டளை சொல்லித்தரும்போது பொய்ச்சாட்சி என்றால் கோர்ட்டில் ஏறிச் சொல்லுவது என்று நினைத்திருந்தேன். நம்மைப் போன்றவர்கள் எங்கே கோர்ட்டுக்குப் போகப் போகிறோம், அந்தக் கட்டளை நமக்கு லேசு என்று இருந்துவிட்டேன். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்கூட, ஜெபத்தில் பராக்கு, ரீத்தாவோடு சேர்ந்து புறணி, இவ்வளவுதான் சொன்னேன். சாமி மூணு அருள் நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். இதைச் சொல்லவே இல்லை. பாவம் என்றே தோணவில்லை. பிள்ளைக்காக என்பது ஒரு துணி, எடுத்துப் பார்த்தால் உள்ளே பத்தாவது மாடி இருக்கிறது. பயம், வேறென்ன. நாலு என்று ஒரு நாள் போட்டால் மறு ரயிலில் வந்துவிடுவாள்.

கன்னத்தில் சூடு வந்துவிட்டது. சுவர் தொடங்கிவிட்டது. "முப்பது மீட்டர் நேராகச் செல்லவும்." நடை தானாகவே குறைந்தது. வெண்ணெயும் முந்திரியும் வெந்த வாசனை, அதன் கீழே லேசாகச் சாக்கடை. நேற்று ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்தபோதுதான் குழுவில் இன்னாசி பேசினதைக் கேட்டேன். "மக்களே, ஞாயித்துக்கிழம சின்னப் பிள்ளைங்க பூசைக்கு வாசிக்க வந்தேன். புது வழி. பெரியம்மாவோட வழிய நம்பி வந்து சாக்கடைக்குள்ள எறங்கிட்டேன். வலது மணிக்கட்டு போச்சு, மாவுக்கட்டு. எறங்கின பெறகு இந்தப் பிள்ள என்ன சொல்லுது தெரியுமா, நீங்கள் வழியிலிருந்து விலகிவிட்டீர்கள்! சரியாத்தான சொல்லுது, விலகித்தான கெடக்கேன்." அவனே சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம், அடுத்த மாசம் மூணு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தானாம், அதையெல்லாம் வேடிக்கைபோலவே சொன்னான். பிறகு தேன்மொழி மேடத்தின் குரல். "ஒரே வழிக்கு இருபது தடவை தொடர்ந்து அஞ்சு வந்தா, நம்பி நடக்கலாம்னு அந்த வழிய மத்தவங்களுக்கும் கொடுத்துடுவோம். அந்த வழிக்கு நடந்து நடந்து அஞ்சு போட்டது மிக்கேலம்மாதான். அம்மா, உங்களுக்கு அங்க பள்ளம் எதுவும் தட்டுப்படலையா?" கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நான் போனைக் குப்புற வைத்தேன், கண் தெரியாதவள் போனைக் குப்புற வைத்தால் என்ன, நிமிர்த்து வைத்தால் என்ன. அந்தக் கேள்வி இன்னும் அங்கேதான் இருக்கிறது, நான் பதில் சொல்லவில்லை. தட்டுப்படவில்லை மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வயசானவள், அதிர்ஷ்டம், விலகிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஸ்லாபை எப்படியும் இனிமேல் யாராவது போட்டுவிடுவார்கள். நான் பாட்டுக்குத் தினமும் பூசைக்குப் போய் வரலாம். இன்னாசிக்காக ஜெபிக்கலாம். தினமும் ஐம்பத்து மூணு மணி முழுக்க அவனுக்கு என்று ஒப்புக்கொடுக்கலாம். ஜெபிக்கலாம்தான். ஆனால் மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று, தாயே இன்னாசியின் கையைக் குணமாக்கும் என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்டால், உனக்குத் தெரியுமே மகளே என்று அந்த அம்மா சொல்லாமல் இருப்பாளா? அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஞாயிற்றுக்கிழமை இந்த அடுப்பு எரியாது, சுவரில் சூடு இருக்காது. இருந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது, நான் சொல்லவில்லையே. அவனுக்கு என்னுடைய அஞ்சு மட்டும்தான் கையில் இருந்தது.

கன்னம் குளிர்ந்தது. சுவர் முடிந்துவிட்டது. "இடது பக்கம் திரும்பவும்." நின்றேன். குச்சியை மெதுவாக இடது பக்கம் நீட்டினேன், எதிலோ தட்டியது, ஒரு மரக்கிளை, இலையெல்லாம் காய்ந்து சரசரவென்றது. யாரோ பள்ளத்துக்குள் கிளையை ஊன்றி வைத்திருக்கிறார்கள், கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. "இடது பக்கம் திரும்பவும்" என்றது மறுபடியும், கொஞ்சங்கூடக் கோபம் இல்லாமல். நடக்கும்போது நடுவிலேயே குறை சொல்ல ஒரு வழி உண்டு, போனில் இரண்டு விரலால் இரண்டு தடவை தட்டினால் போதும் என்று முதல் நாளே மேடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாளும் தட்டினதில்லை. போனை முந்தானையிலிருந்து எடுத்தேன்.  இப்போது தட்டினால் ஜெனோவாவுக்கும் போகும். அவள் எழுந்திருப்பாள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுகிற நேரம். அந்தக் கதவு பூட்டுகிற சத்தம் எனக்கு இங்கேயே கேட்டது, இரண்டு தடவை திருகுவார்கள். பரிசுத்த ஆவியே, நாக்கில் வாரும் என்று வேண்டிக்கொண்டேன். தட்டினேன். "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்." எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் பூசையில் வாசகம் வாசிக்கிறவள்போலத் தொண்டையைக் கனைத்தேன். "நான் மிக்கேலம்மாள் பேசுதேன். பேக்கரிச் சுவரு முடியுத எடத்துல நிக்கேன். இங்க மொத ஸ்லாப் கெடையாது. சுவரு முடிஞ்சு நாலு அடி கழிச்சுத் திரும்பணும், அதுக்கு முன்னால திரும்பச் சொல்லாதீங்க. மேடம், நேத்து கேட்டீங்க, பள்ளம் தட்டுப்படலையான்னு. மூணாம் நாளே தட்டுப்பட்டுச்சு. கால் உள்ள போச்சு, செருப்பு விழுந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சு அஞ்சு போட்டேன். என்னய வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து போட்டேன். இன்னாசி எய்யா, ஓங்கையி என்னாலதான் போச்சு. இன்னைக்கு ஒண்ணு போட்டுக்கிடுங்க. இதுக்கு முந்தி போட்ட அஞ்ச எல்லாம் அழிச்சிருங்க." விரலை எடுத்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. அதே குரல், அதே நிதானம். சம்பளமும் சாப்பாடும் இல்லாத பிள்ளை.

கோயிலில் இரண்டாவது மணி அடித்தது. நான் நகரவில்லை.  போன் கையிலேயே அதிர்ந்தது. ஜெனோவா. "எம்மா, ஒண்ணுன்னு வந்திருக்கு. விழுந்துட்டீங்களா? எங்க அடிபட்டுது?" பின்னால் குக்கர் சத்தம். "விழல. பேசினதக் கேட்டியா?" "கேட்கல, பயந்துபோய் அடிச்சேன்." "கேளு. கேட்டுட்டுப் பேசு. நான் லைன்லயே இருக்கேன்." என்னமோ செய்தாள், என் குரலே எனக்குத் தூரத்தில் கேட்டது, யாரோ ஒரு கிழவி வாசகம் வாசிப்பதுபோல. முடிந்தது. குக்கர் இரண்டு விசில் போட்டது, அவள் அணைக்கவில்லை. "ஒரு மாசமா?" என்றாள். "ஒரு மாசமா." "எங்கிட்டகூடவாம்மா?" "ஒங்கிட்டதாம்ட்டி மொதல்ல." மூக்கை உறிஞ்சினாள். சின்னப் பிள்ளையில் மார்க்கு குறைந்தால் ராங்க் கார்டை எனக்குக் காட்டாமல் பாவாடைக்குள் ஒளித்து வைத்து இப்படித்தான் உறிஞ்சுவாள், இப்போது ஒளித்தவள் நான், உறிஞ்சுகிறவள் அவள். "சனிக்கிழம வாரேன்" என்றாள். "பெட்டியக் கட்டி வைங்கன்னு நான் சொல்லல. கட்ட வேண்டாம்னும் சொல்லல. வந்து அந்த எடத்த என் கண்ணால பாக்கணும்." "வா. இன்னாசி வீட்டுக்கும் போகணும், நீ கூட வா." "இப்ப எப்படி அங்கருந்து போவீங்க?" "தெரிஞ்ச எடந்தானட்டி." சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தெரிந்த இடம். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. அதை அவளிடமும் ஆண்டவரிடமும் கொடுத்தாயிற்று. பூசை தொடங்கியிருக்கும். போகத்தான் காலை எடுத்தேன், ஆனால் அந்தக் காய்ந்த கிளை என் சேலையில் மாட்டி இழுத்தது. குச்சியால் தட்டிக்கொண்டே சுவரோடு திரும்பி வந்து பேக்கரியின் பின்கதவைத் தேடினேன், தகரக் கதவு, திறந்திருந்தது, அனல் முகத்தில் அடித்தது. "அண்ணாச்சி" என்றேன், "உள்ள யாரு இருக்கீங்க? பலகையோ தகரமோ பழசா ஏதாவது இருந்தா குடுங்களேன், அந்தப் பள்ளத்து மேல போடணும்." தட்டுகள் அடுக்குகிற சத்தம் நின்றது. மாவு கையைத் தட்டிக்கொண்டே ஒருவர் வந்தார், வயசான குரல், மூச்சில் சுருட்டு. "அட, நீங்களா? குச்சியோட தெனம் போவீங்களே." உள்ளே போய் எதையோ தரதரவென்று இழுத்து வந்தார், கனமான இரும்புத் தகடு, பழைய அடுப்புக் கதவாம். கிளையைப் பிடுங்கி எறிந்தார். தகடு சாக்கடை மேல் டமாரென்று விழுந்தது, தெரு நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது. நான் குச்சியால் நாலு மூலையும் தட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னைக்கோ போட்டிருப்பேனே" என்றார். "தெனம் இந்த வாசல்ல நின்னுதான் டீ குடிக்கேன். நீங்க சரியா நாலு எட்டு தள்ளிப் போய்த் திரும்புவீங்க. பரவால்லையே, காதுல இருக்க மிஷினு கரெக்டாச் சொல்லுதேன்னு நெனச்சேன்."

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "மிஷினுக்கு நான்தான் சொல்லல."